இரத்தக் கொதிப்பும் இலாசரும்

இரத்தக் கொதிப்பைப் 'பணக்கார வியாதி' என்று சொல்லும் வழக்கம் நம் சிற்றூர்களில் நெடுங்காலமாக உண்டு. உண்டு களித்து, உடலுழைப்பின்றி வாழ்வோருக்கே அது வரும், வெயிலில் பாடுபடுவோரை அண்டாது என்பது பலருடைய நம்பிக்கை. இந்நம்பிக்கை எங்ஙனம் பிறந்தது என்று வரலாற்றின் துணைகொண்டு ஆராய்ந்தால், நோயைப் பற்றி மட்டுமன்று, நம் சமுதாயத்தைப் பற்றியும் அறிந்துகொள்கிறோம்.

இரத்தத்தின் அழுத்தத்தை முதலில் அளந்தவர் மருத்துவர் அல்லர். ஒரு பங்குக்குரு என்பது வியப்புக்குரியது. இங்கிலாந்தின் டெடிங்டன் ஊரில் பணியாற்றிய ஆங்கிலிக்கன் சபைக் குருவான ஸ்டீபன் ஹேல்ஸ், குதிரையொன்றின் தமனியில் குழாயைப் பொருத்தி, இரத்தம் எட்டடிக்கு மேல் எழுவதைக் கண்டார். அதை 1733-இல் நூலாக வெளியிட்டார். மனிதரின் கையில் பட்டை கட்டி அளக்கும் எளிய கருவியை 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி உருவாக்கினார். ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஒலி கேட்டு அளக்கும் முறையை 1905-இல் உருசிய மருத்துவர் கொரோட்காஃப் அறிவித்தார்.

கருவி வந்த பின்னும் தகுந்த மருந்து வரவில்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்கு இரத்த அழுத்தம் மிகுந்திருப்பது 1944-இல் பதிவாயிற்று. மருத்துவர் அருகிலேயே இருந்தும், 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் இரத்தம் கசிந்து அவர் இறந்தார். உலகின் ஆற்றல்மிக்க தலைவரைக் காக்கவும் அன்று நல்ல மாத்திரை இல்லை. 1950-களின் இறுதியில் குளோரோதயசைடு போன்ற மாத்திரைகள் வந்த பிறகே நிலைமை மாறியது. இன்று இந்நோய்க்குரிய மாத்திரைகள் மலிவானவை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் நிறுவப்பட்ட பின், அரசு மருத்துவமனைகளுக்கு மருந்துகள் ஒழுங்காக வந்து சேர வழி பிறந்தது.

அன்று ரூஸ்வெல்ட்டுக்கு அளவு தெரிந்தது, மருந்து இல்லை. நம் காலத்து ஏழைக்கோ மருந்து இருக்கிறது, தன் அளவு தெரியவில்லை. இந்நோய் பெரும்பாலும் வலி தராது. ஆகவே வேறு காரணத்துக்காக மருத்துவரிடம் சென்றவருக்கே இது தற்செயலாகத் தெரிய வந்தது. மருத்துவரிடம் செல்லக்கூடியவர் வசதி படைத்தவர். எனவே அவர்களிடமே நோய் காணப்பட்டது. அவர்களுக்கே உரியது என்ற பெயரும் நிலைத்தது. ஏழையின் வீட்டில் அதே நோய், 'கை கால் விழுந்துவிட்டது' என்றும் 'திடீர்ச் சாவு' என்றும் வேறு பெயர்களில் வாழ்ந்தது.

இலண்டனில் அரசு ஊழியரிடையே 1967-இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு, உயர் அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியரே இதய நோயால் ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதியாக இறந்தனர் என்று காட்டியது. பணக்கார வியாதி என்ற எண்ணத்தை அது தகர்த்தது.

நம் வேடசந்தூர்ப் பகுதியைப் பாருங்கள். வானம் பார்த்த பூமி; நூற்பாலைகளில் இரவும் பகலும் மாறி மாறி வரும் ஷிப்ட்; உழைப்பாளரின் கஞ்சிக்குத் துணையாகும் உப்பு மிகுந்த ஊறுகாயும் கருவாடும்; களைப்பு மறக்க வாயில் அடக்கும் புகையிலை. அரசு மருத்துவமனையில் புறநோயாளிகளைப் பார்க்கும் காலை வேளையும் கூலிவேலைக்குரிய வேளையும் ஒன்றே. வலிக்காத நோய்க்காக ஒருநாள் கூலியை இழக்க யார் துணிவார்? நோய் வெளிப்படும் நாளிலோ, ஆடு மாடு விற்கப்படுகிறது. பிள்ளையின் படிப்பு நிற்கிறது.

இதற்கு வழி உண்டென்று காட்டியவர்களும் நம்மவரே. மருத்துவர் எம்.கே. மணியின் முயற்சியால் சென்னையின் சிறுநீரக உதவி அறக்கட்டளை, 1997 முதல் சென்னைக்கு அருகே உள்ள கிராமங்களில், ஏறத்தாழ 25,000 மக்களிடையே, ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி தந்து வீடு வீடாக இரத்த அழுத்தம் அளந்தது. மிக மலிவான மாத்திரைகளாலேயே பெரும்பாலோருக்கு நோய் கட்டுப்பட்டது.

ஆயினும் பணி பெரிது. 2020-இல் தமிழ்நாட்டில் நடந்த கணக்கெடுப்பின்படி, வயது வந்தோருள் 100-க்கு ஏறத்தாழ 34 பேருக்கு இந்நோய் இருந்தது. அவர்களிலும் 100-க்கு ஏறத்தாழ 7 பேருக்கு மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், மாத்திரையை ஏழையின் வாசலுக்கே கொண்டு சென்றது. நோயாளி மருத்துவரைத் தேடி வரட்டும் என்று காத்திருந்த பழைய முறையை அது திருப்பிப் போட்டது.

லூக்கா நற்செய்தியில் வரும் செல்வன், இலாசரை அடித்தான் என்றோ விரட்டினான் என்றோ ஆண்டவர் கூறவில்லை. வாசலில் கிடந்தவனைக் கவனியாது கடந்து சென்றதே அவன் குற்றம். இலாசரின் புண்களாவது வெளியே தெரிந்தன. நம் வாசலில் நிற்கும் இலாசரின் நோயோ, நாம் கைப்பட்டை கட்டிப் பார்த்தாலன்றித் தெரியாது.

பங்குகளின் இறப்புப் பதிவேட்டில் காரணம் எழுதுமிடத்தில் 'திடீர் மரணம்' என்று எழுதும்போதெல்லாம், இது உண்மையில் திடீரென வந்ததா என்று குருக்களாகிய நாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியுள்ளது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆலய முகப்பில் ஒரு மேசையும், அளக்கும் கருவியும், பங்கிலுள்ள செவிலியர் ஒருவரும் போதும். வின்சென்ட் தே பவுல் சபையினர் இல்லம் சந்திக்கும்போதும், அன்பியங்கள் கூடும்போதும் இதைச் செய்யலாம். குறிப்பாக, மருத்துவமனைப் பக்கமே செல்லாத நாற்பது வயது கூலித் தொழிலாளியை முதலில் அழைத்து அமர வையுங்கள். அளவு மிகுந்திருந்தால் அரசு மருத்துவமனைக்குக் கூடவே செல்லுங்கள். அன்றைய கூலிக்கும் வழி செய்யுங்கள். அதுவும் இரக்கச் செயலே.