சாவிக்குள் பூட்டிய தொழில்

சேதராப்பட்டு தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு ஷெட். போன மாதம் நாங்கள் போனபோது அங்கே ஒரு பழைய கார் நின்றது. ஈசிஎம் போய்விட்டது, காயலாங்கடையில் அதே மாடல் ஈசிஎம் வாங்கி மாட்டியிருந்தார்கள். செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. மீட்டரில் சாவி விளக்கு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. கடைசியில் வண்டியைக் கட்டி இழுத்து டவுனுக்குக் கொண்டுபோனார்கள். கூலியும் கூடவே போனது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு, தோழர்களே. அம்பாசிடர், பத்மினி காலத்தில் சாவி வெறும் உலோகம். எட்டாவதோடு பள்ளியை விட்ட சேரிப் பையன் ஷெட்டில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே மெக்கானிக் ஆனான். அப்பன் தொழில் என்னவென்று கேட்காமல் உள்ளே விட்ட தொழில்கள் நமக்கு அதிகம் இல்லை. (அங்கேயும் டம்ளர் கதைகள் உண்டு, அதைத் தனியே எழுத வேண்டும்.)

1990களில் ஐரோப்பாவில் கார் திருட்டைத் தடுக்க இம்மொபிலைசர் பரவியது. சாவியின் தலையில் ஒரு சின்ன சிப். சாவித் துளையைச் சுற்றியுள்ள காயில் அதன் எண்ணைப் படிக்கும். அந்த எண் ஈசிஎம்முக்குத் தெரிந்திருந்தால்தான் இன்ஜின் ஓடும். வேறு காரின் ஈசிஎம்முக்கு இந்தச் சாவி அந்நியன். அறிமுகம் செய்துவைக்க ஸ்கேனர் வேண்டும், ரகசிய எண் வேண்டும். இரண்டையும் கம்பெனி தன் கையில் வைத்துக்கொண்டது.

2011இல் ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன், ஃபியட் மீது ஒரு தனிநபர் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார். விசாரணை மற்ற கம்பெனிகளுக்கும் விரிந்தது. வெளி மெக்கானிக்குகளுக்குத் திறன் போதாது, பாதுகாப்புக்கு ஆபத்து என்று வாதாடினார்கள். எங்கோ கேட்ட குரல் மாதிரி இல்லையா? சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையும் பிரிக்கிறது என்று அண்ணல் 1936லேயே எழுதிவிட்டார்.

2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம். உதிரி பாகமும் பழுதறியும் கருவியும் வெளி ஷெட்டுகளுக்கும் கிடைக்க வேண்டும் என்றது ஆணையம். வெளியே பழுது பார்த்தாலே வாரண்டி போய்விடும் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லவும் தடை. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின.

கருவி விற்பனைக்கு வந்தாலும் வாங்கக் காசு? 2016இல் தலித், பழங்குடி, பெண் தொழில்முனைவோருக்கென வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா 10 லட்சத்தில்தான் தொடங்கியது. அதுவும் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு. இருபது வருடமாக ஷெட் நடத்தும் அண்ணனுக்குத் தேவை ஒரு ஸ்கேனர். அவர் அதை நாள் வாடகைக்கு எடுக்கிறார்.