ஆயிரத்துக்கு ஏழு பேர்

அம்மாவுக்கு மாதவிடாய் நின்ற இரண்டாம் வருஷம் சுகர் வந்தது. "ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குமாடா?" என்று கேட்டாள். "ஸ்வீட்டைக் குறைம்மா" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்துகொண்டேன்.

அந்தக் கேள்விக்கு ஒரு பெரிய வரலாறே இருக்கிறது.

1942இல் அமெரிக்காவில் பிரெமரின் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் அது. 1966இல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர் ஒரு புத்தகம் எழுதினார். மாதவிடாய் நிற்பதே ஒரு குறைபாட்டு நோய் என்றார். புத்தகமும் விற்றது, மாத்திரையும் விற்றது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் கர்ப்பப்பையில் புற்றுநோய் வரும் என்று 1975இல் தெரிந்ததும், கூடவே புரோஜெஸ்டினைச் சேர்த்துக் கொடுத்தார்கள்.

இதெல்லாம் உண்மையிலேயே நல்லதுதானா என்று 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' சோதித்தது. மொத்தம் 16,608 பெண்கள். ஒரு பாதிக்கு ஹார்மோன், மறுபாதிக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. 2002 ஜூலையில் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். பத்தாயிரம் பேருக்கு வருஷத்துக்கு 8 மார்பகப் புற்றுநோய், 8 பக்கவாதம் கூடுதலாக வந்திருந்தன. உலகம் முழுக்க அதுதான் தலைப்புச் செய்தி. பயந்துபோய்ப் பலர் மாத்திரையை விட்டார்கள்.

2004இல் அதே சோதனையிலிருந்து இன்னொரு முடிவு வந்தது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 4.2 சதவீதம் பேருக்குப் புதிதாகச் சர்க்கரை நோய். ஹார்மோன் சாப்பிட்டவர்களில் 3.5 சதவீதம். ஆயிரத்துக்கு ஏழு பேர் தப்பித்திருக்கிறார்கள். இன்சுலின் இருந்தும் உடம்பு அதன் பேச்சைக் கேட்காமல் இருப்பதுதான் இன்சுலின் எதிர்ப்பு. முதல் வருஷ ரத்தப் பரிசோதனையிலேயே அது குறைந்திருந்தது.

அப்படியென்றால் சுகர் வராமலிருக்க இதைக் கொடுக்கலாமே? கூடாது என்றுதான் அமெரிக்க வழிகாட்டுதல்கள் இன்றும் சொல்கின்றன. உடம்புச் சூடு, தூக்கமின்மை என்று அவதிப்படுகிறவர்களுக்குக் கொடுப்பது வேறு கணக்கு. சுகரைத் தடுக்கும் அதே மாத்திரைதான் பக்கவாதத்தையும் கொண்டுவருகிறது. கோடில் என்றால் ஒரு ஃபங்ஷனைத் தனியாகப் பிரித்தெடுத்துவிடுவேன். உடம்பில் அது நடக்காது.

போன வாரம் அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். "சம்பந்தம் இருக்கலாம்மா. அந்த ஹார்மோன் குறைஞ்சா இன்சுலின் சரியா வேலை செய்யாம போகலாம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டாள்: "அப்போ நான் ஸ்வீட் தின்னதால மட்டும் வரலல்ல?"

பத்து வருஷமா அதையேதான் அவள் தலையில் கட்டிக்கொண்டிருந்தோம்.