சிற்றூர் அச்சகமும் சிவகாசியும்

காலால் மிதித்து இயக்கும் ட்ரெடில் அச்சு இயந்திரக் காலத்தில் சிற்றூர் அச்சகத்தின் எல்லையை ஈய எழுத்துதான் வகுத்தது. துண்டறிக்கை, ரசீதுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை ஆகியவை கடையிலேயே முடிந்தன. படம் என்றால் அதற்கான அச்சுக்கட்டை (பிளாக்) செய்ய நகரத்துக்கு அனுப்பினார்கள். பல வண்ணம் என்றால் சிவகாசி. 1920-களில் அங்கே வேரூன்றிய தீப்பெட்டித் தொழிலுக்கு லேபிள்கள் தேவைப்பட்டதால் அச்சுத் தொழிலும் வளர்ந்தது.

வேலையை வெளியே அனுப்பியும் வாடிக்கையாளரை இழக்காத வழியொன்று பிறந்தது. இத்தொழிலின் மிக அருமையான ஏற்பாடு அது. சாமி படம் போட்ட காலண்டர்களையும் பத்திரிகை அட்டைகளையும் சிவகாசியிலிருந்து வாங்கி, கடைப் பெயரையும் முகூர்த்த நேரத்தையும் மட்டும் உள்ளூரில் அச்சிட்டார்கள். மணமகன் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் உடனே திருத்த, எழுத்துக் கோக்கும் உள்ளூர்க் கம்பாசிட்டர்தானே வேண்டும்!

ஆஃப்செட்டும் கணினியும் பரவியபின் ட்ரெடில்கள் பல பழைய இரும்புக்குப் போயின. ஆனாலும் சிவகாசி அட்டையில் உள்ளூரில் பெயர் அச்சிடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.