பிலிமிலிருந்து வீடியோவுக்கு: சேலத்துப் படங்களின் மறுபயணம்

ஓமலூரை அடுத்த சேலத்தில், ஏற்காடு மலையடிவாரத்தில் டி. ஆர். சுந்தரம் 1935-இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸின் படங்கள் கொட்டகையை விட்டு வீட்டுக்கு வர, பிலிமைத் தொலைக்காட்சிக் குறிப்பலையாக மாற்றும் 'டெலிசினி' என்னும் கருவி தேவைப்பட்டது. ஓடும் பிலிமின் மீது ஒளிப்புள்ளியொன்றை வரிவரியாக நகர்த்தி, ஊடுருவி வரும் ஒளியை மின்னலையாக்குவது அதன் ஒரு வகையாகும்.

கொட்டகையில் பிலிம் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓட, இந்தியா ஏற்ற 'பால்' முறைத் தொலைக்காட்சியோ 25 சட்டகங்களைக் காட்டியதால், பிலிமையே சற்று விரட்டி ஓட்டுவது வழக்கமாயிற்று. அவ்வாறு ஓட்டினால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதோடு, பாட்டின் சுருதியும் ஏறக்குறைய அரைச்சுரம் உயர்ந்துவிடும். கறாரான இசை ரசிகருக்கு இது சிறிய குறையன்று.

நிறத்தின் கதை வேறு. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான மாடர்ன் தியேட்டர்ஸின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் கேவாகலரில் வெளிவந்தது; ஆனால் 1975-இல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியால், 1982-இல் தூர்தர்ஷனுக்கு வண்ணம் வரும்வரை எந்த வண்ணப்படத்தையும் கறுப்பு வெள்ளையாகவே காட்ட முடிந்தது. அதற்குள் அக்காலப் பிலிம்களின் சாயங்கள் வெளிறத் தொடங்கியிருந்தமையால், காட்சிக்குக் காட்சி சிவப்பு, பச்சை, நீல அளவுகளைத் திருத்தும் நிறத்திருத்துநர் இன்றியமையாதவரானார்.