ஜப்பானை உலுக்கிய ‘ட்விட்டர் கொலையாளி’: யார் இந்த தகாஹிரோ ஷிராய்ஷி?

டோக்கியோ: தற்கொலை எண்ணத்தில் இருந்தவர்களை ட்விட்டர் மூலம் வரவழைத்து, 2 மாதங்களில் 9 பேரைக் கொன்ற தகாஹிரோ ஷிராய்ஷி, 2025 ஜூன் 27-ஆம் தேதி டோக்கியோவில் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது 34. ஜப்பானில் சுமார் 3 ஆண்டுகளுக்குப் பிறகு நிறைவேற்றப்பட்ட முதல் மரண தண்டனை இது.

பெண்களைப் பாலியல் தொழிலில் சேர்த்துவிட்ட வழக்கில் ஏற்கெனவே தண்டனை பெற்றிருந்த ஷிராய்ஷி, 2017 ஆகஸ்டில் கனகாவா மாகாணத்தின் ஸாமா நகரில் குடியேறினார். ‘உதவுகிறேன்’, ‘நானும் உடன் இறக்கிறேன்’ என இணையத்தில் நம்பிக்கையூட்டி, பெண்களைத் தனது வீட்டுக்கு அழைத்தார். கொல்லப்பட்ட 9 பேரும் 15 முதல் 26 வயதுக்குட்பட்டவர்கள். 8 பேர் பெண்கள். மாயமான பெண் ஒருவரைப் பற்றி விசாரித்த இளைஞரும் கொல்லப்பட்டார். பாலியல் வன்கொடுமையும் பணப் பறிப்புமே கொலைகளின் நோக்கம் என விசாரணையில் தெரியவந்தது.

காட்டிக்கொடுத்த ட்விட்டர் கணக்கு

மாயமான 23 வயதுப் பெண்ணின் சகோதரர், அவரது ட்விட்டர் கணக்கை ஆராய்ந்தபோது சந்தேகத்துக்குரிய உரையாடல்களைக் கண்டார். ஷிராய்ஷியை அறிந்த மற்றொரு பெண்ணின் உதவியுடன் காவல் துறையினர் அவரை அடையாளம் கண்டனர். 2017 அக்டோபர் இறுதியில் வீட்டைச் சோதனையிட்டபோது, குளிர்பதனப் பெட்டிகளில் 9 பேரின் உடல் பாகங்கள் கிடைத்தன.

‘சம்மதம்’ என்ற வாதம்

உயிரிழந்தவர்கள் கொலைக்குச் சம்மதித்திருந்தனர் என்றும், எனவே தண்டனையைக் குறைக்க வேண்டும் என்றும் வழக்கறிஞர்கள் வாதிட்டனர். ஆனால், யாரும் சம்மதிக்கவில்லை என ஷிராய்ஷியே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். இறக்க விரும்புவதாக எழுதுவது கொலைக்கு அளித்த சம்மதம் ஆகுமா என்பதே வழக்கின் மையக் கேள்வியாக இருந்தது. 9 பேரில் ஒருவர்கூட சம்மதிக்கவில்லை எனக் கூறிய நீதிமன்றம், 2020 டிசம்பர் 15-ஆம் தேதி மரண தண்டனை விதித்தது. வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மேல்முறையீட்டை ஷிராய்ஷி திரும்பப் பெற்றதால், 2021 ஜனவரியில் தண்டனை உறுதியானது.

விதிகளில் மாற்றம்

இச்சம்பவத்தைத் தொடர்ந்து, தற்கொலையைத் தூண்டும் பதிவுகளுக்கு எதிரான விதிகளை ட்விட்டர் நிறுவனம் கடுமையாக்கியது. சமூக வலைதளங்கள் வாயிலான மனநல ஆலோசனைச் சேவையை 2018 மார்ச்சில் ஜப்பான் அரசு தொடங்கியது.

(மன உளைச்சலில் இருப்போர், மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ கட்டணமில்லா எண் 14416-ஐ எந்நேரமும் தொடர்பு கொள்ளலாம்.)