புகழஞ்சலிக் காணொளிகளும் நம் முன்னோரின் எடைக்கல்லும்

2016ஆம் ஆண்டின் ரமலான் மாதத்தை இரண்டு மரணங்கள் இருபுறமும் தொட்டு நின்றன. நோன்பு தொடங்கச் சில நாள்கள் இருக்கையில், ஜூன் 3 அன்று, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலி வஃபாத்தானார். பெருநாள் முடிந்த கையோடு, ஜூலை 8 அன்று, கராச்சியில் அப்துல் சத்தார் ஈதி மறைந்தார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அவ்விரு செய்திகளும் நாளிதழ் வழியாக நம் இல்லங்களுக்கு வந்ததைவிடக் கைபேசி வழியாகவே அதிகம் வந்தன. ஒரு நிழற்படம், அதன்மேல் நகரும் எழுத்து, பின்னணியில் எழும்பித் தணியும் ஓசை, உணர்ச்சி ததும்பும் குரல், மூன்று நிமிடத்தில் ஒரு முழு வாழ்வு. அதற்கு முந்தைய ஆண்டில் நாகூர் இ.எம். ஹனீபா அவர்களும், டாக்டர் அப்துல் கலாம் அவர்களும் மறைந்தபோது இதையே கண்டோம். அன்று முதல் இவ்வகைக் காணொளிகள் நம் குடும்பக் குழுக்களில் ஒரு நாளும் ஓயவில்லை.

இவற்றை இகழ்வதற்கு நமக்கு மனமில்லை. பள்ளிப் பாடநூல் சொல்லாத பெயர்களை நம் பிள்ளைகளின் காதுக்கு இவையே கொண்டுவந்தன. "உங்கள் சமூகம் உலகுக்கு என்ன தந்தது?" என்று வகுப்பறையில் கேட்கப்பட்ட பிள்ளைக்கு, அன்று இரவு பெற்றோர் அனுப்பி வைக்கும் ஒரு காணொளி எவ்வளவு ஆறுதல் என்பதை நாம் அறிவோம். அதே காரணத்தினால்தான் அதற்குள் இருப்பது மெய்யாக இருக்க வேண்டும் என்று கவலைப்படுகிறோம். பதினான்கு வயதில் பெருமையோடு சொன்ன ஒன்று பொய்யென்று பத்தொன்பது வயதில் கல்லூரியில் தெரியவரும்போது, பிள்ளை அந்த ஒரு செய்தியை மட்டுமா ஐயுறும்?

முஹம்மது அலியைப் பற்றிய காணொளிகளில் தவறாமல் இடம்பெறும் காட்சி ஒன்று உண்டு. 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்று சொந்த ஊரான லூயிவில் திரும்பிய இளைஞருக்கு, கறுப்பர் என்பதால் ஓர் உணவகத்தில் உணவு மறுக்கப்படுகிறது; அவர் பதக்கத்தை ஒஹாயோ ஆற்றில் வீசியெறிகிறார். இக்கதை 1975இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்று நூலிலேயே இருக்கிறது. ஆனால் அவருடன் நெருங்கிப் பழகியவர்களும் பின்வந்த வரலாற்றாசிரியர்களும் இதை ஏற்கவில்லை. பதக்கம் எப்படியோ தொலைந்துபோயிற்று என்பதே அவர்கள் கூற்று. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கின்போது அவருக்கு மாற்றுப் பதக்கம் ஒன்று வழங்கப்பட்டது. அக்காலத்து லூயிவில் நகரில் உணவகங்கள் கறுப்பருக்குக் கதவடைத்தன என்பதில் ஐயமில்லை. அந்த அநீதியைச் சொல்ல ஆற்றில் விழுந்த பதக்கம் தேவையே இல்லை.

அவருடைய வழக்கைப் பற்றியும் இப்படித்தான். வியட்நாம் போருக்கான படைச்சேர்ப்பை 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டன் நகரில் அவர் மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது, ஐந்தாண்டுச் சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டின் காரணமாக இவ்வழக்கின் தண்டனைக்காக அவர் சிறை செல்லவில்லை. ஆயினும் ஒரு வீரனின் உடல் உச்சத்தில் இருக்கும் மூன்றரை ஆண்டுகள் மேடையேற முடியாமல் கழிந்தன. 1971 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தண்டனையை நீக்கியது. அவருடைய மார்க்க நம்பிக்கையின் முன் நீதிமன்றம் தலைவணங்கியதாகக் காணொளிகள் முழங்கும். தீர்ப்போ, அவருடைய கோரிக்கையை மறுத்த மேல்முறையீட்டு வாரியம் அதற்கான காரணத்தைக் குறிப்பிடவில்லை என்ற சட்டக் குறையின்மேல் நின்றது. இதைச் சொல்வதால் அவர் தியாகம் சிறுத்துவிடாது. தீர்ப்பு எப்படி அமையும் என்று தெரியாமலேயே அவர் அந்த ஆண்டுகளைக் கொடுத்தார்.

எல்லாவற்றையும்விட நம்மை உறுத்துவது, "1964இல் இஸ்லாத்தைத் தழுவினார்" என்ற ஒற்றை வரியில் ஒரு நெடும்பயணம் விழுங்கப்பட்டுவிடுவது. 1964இல் அவர் இணைந்தது எலிஜா முஹம்மதின் 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' இயக்கத்தில். அதன் கொள்கைகளில் தவ்ஹீதுடன் பொருந்தாதவை பல இருந்தன. மனிதர் ஒருவரை இறைவனின் வடிவமாகக் கொண்டதும் அவற்றுள் ஒன்று. அதே ஆண்டில்தான் மால்கம் எக்ஸ் அவ்வியக்கத்தைவிட்டு விலகி, ஹஜ் செய்து, எல்லா நிறத்தவரும் ஒரே இஹ்ராமில் நிற்கக் கண்டு மனம் மாறினார். இளைய அலியின் கைபிடித்து வழிகாட்டிய நண்பர் அவர். ஹஜ் முடித்து ஆப்பிரிக்க நாடுகளில் பயணம் செய்துகொண்டிருந்த அவரும், அதே வேளையில் அங்குச் சுற்றுப்பயணத்தில் இருந்த அலியும், கானா நாட்டின் அக்ரா நகரில் தற்செயலாக எதிர்ப்பட்டனர். அலி முகத்தைத் திருப்பிக்கொண்டார். 1965 பிப்ரவரி 21 அன்று மால்கம் எக்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். பேசித் தீர்த்துக்கொள்ள இனி வாய்ப்பே இல்லை.

அலி 1972இல் ஹஜ்ஜுக்குச் சென்றார். 1975இல் எலிஜா முஹம்மது இறந்தபின், அவருடைய மகன் வாரிதுத்தீன் அவ்வியக்கத்தினரைப் பொது இஸ்லாமிய வழிக்குத் திருப்பியபோது அலியும் உடன் வந்தார். மால்கமுக்கு முதுகு காட்டியது தம் வாழ்வில் மிகவும் வருந்தும் தவறுகளுள் ஒன்று என்று, முதுமையில் மகளுடன் சேர்ந்து எழுதிய நூலில் அவரே பதிவுசெய்தார். எதிராளி ஜோ ஃபிரேசரை இழிவாகப் பேசியதற்காக 2001இல் வருத்தம் தெரிவித்தார். சத்தியத்தை ஒரே நாளில் கண்டடையாமல், பதினொரு ஆண்டுகள் தடுமாறி, ஒரு நண்பரை இழந்து, பின் வந்து சேர்ந்த மனிதர் இவர். கின்ஷாசாவில் ஃபோர்மனை வீழ்த்திய காட்சி நூறு முறை ஓடுகிறது. அக்ராவின் அந்தக் கணத்தை ஒருவரும் காட்டுவதில்லை. நண்பனோடு பேச்சை முறித்துக்கொண்டு அறைக்குள் அடைந்திருக்கும் நம் வீட்டுப் பிள்ளைக்கு இவ்விரண்டில் எது அதிகம் உதவும்?

"இறந்தவர்களின் குறைகளைப் பேசலாமா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இறந்தோரை ஏசக் கூடாது என்பது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாகப் புகாரியில் வரும் அறிவுரை. ஒருவரின் மறைவான பாவங்களைத் தோண்டுவது வேறு. அவரே ஊரறிய ஒப்புக்கொண்டு வருந்தியதை நினைவுகூர்வது வேறு. பின்னதை மறைத்தால் அவர் செய்த பெரிய நற்செயல் ஒன்றையே, அதாவது அந்த வருத்தத்தையே, மறைத்தவர்களாகிறோம்.

புகழ்வதற்கும் நம் மார்க்கத்தில் ஓர் அளவு உண்டு. நபி (ஸல்) அவர்களின் முன்னிலையில் ஒருவர் மற்றொருவரை வரம்பின்றிப் புகழ்ந்தார். தோழரின் கழுத்தை அறுத்துவிட்டீரே என்று அவரைக் கண்டித்தார்கள். புகழ்ந்தே ஆக வேண்டுமானால், இன்னாரை இப்படிப்பட்டவர் என்று நான் கருதுகிறேன், அவரைக் கணக்கிடுபவன் அல்லாஹ்வே என்று சொல்லிக்கொள்ளட்டும் என வழிகாட்டினார்கள். அபூபக்ரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. தம்மையே வரம்புமீறிப் புகழ வேண்டாம் என்று தடுத்த தூதரின் உம்மத் நாம்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நம் முன்னோர் பெரியோர் வரலாறுகளை எழுதினர். ஹிஜ்ரி 230இல் மறைந்த இப்னு சஅத் (ரஹ்) எழுதிய 'தபகாத்' முதல், சஹாபாக்களைப் பற்றி 12,000க்கும் மேற்பட்ட பதிவுகள் கொண்ட இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்களின் 'இஸாபா' வரை, மனிதர்களை நினைவுகூர்வதற்கென்றே ஒரு கலை நம்மிடம் வளர்ந்தது. ஹதீஸ் அறிவிப்பாளர்களை எடைபோட்ட நூல்களைப் புரட்டினால் அதன் கறார் விளங்கும். எகிப்தின் நீதிபதியாக இருந்த இப்னு லஹீஆவின் நூல்கள் தீயில் எரிந்தன. அதன்பின் அவர் அறிவித்தவற்றில் குழப்பம் நேர்ந்தது. எனவே அறிஞர்கள் அவரை ஒட்டுமொத்தமாகப் போற்றவுமில்லை, தள்ளவுமில்லை. யார், எப்போது அவரிடம் கேட்டார்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். இமாம் புகாரியின் ஆசிரியர் அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) அவர்களிடம் அவருடைய தந்தையின் அறிவிப்புகளைப் பற்றிக் கேட்டபோது, பிறரிடம் கேளுங்கள் என்றார். மீண்டும் வற்புறுத்தியபோது சற்றுத் தலைகுனிந்திருந்துவிட்டு, இது மார்க்கம், என் தந்தை பலவீனமானவர் என்று சொல்லிவிட்டார். சொந்தத் தந்தை! முன்பின் அறியாதவர் அனுப்பிய காணொளியை ஒரு கணமும் யோசிக்காமல் ஐம்பது பேருக்குத் தள்ளிவிடும் நம் விரல்கள் இந்த இடத்தில் கொஞ்சம் கூச வேண்டும்.

மொராக்கோவின் ஃபெஸ் நகரில் 859இல் அல்கரவிய்யீன் பள்ளிவாசலைக் கட்டுவித்ததாகச் சொல்லப்படும் ஃபாத்திமா அல்ஃபிஹ்ரி பற்றிய காணொளிகளை நம் சகோதரிகள் மிகவும் விரும்பிப் பகிர்கின்றனர். உலகின் முதல் பல்கலைக்கழகத்தை நிறுவிய பெண்மணி என்பது அவற்றின் தலைப்பு. அவரைப் பற்றி நமக்குச் சொல்பவர் 14ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இப்னு அபீ ஸர்உ. இடையில் 450 ஆண்டுகளுக்கும் மேல் ஓடிவிட்டன. 20ஆம் நூற்றாண்டுச் சீரமைப்புப் பணியில் வெளிப்பட்ட கல்வெட்டு ஒன்றோ, இத்ரீஸ் மரபைச் சேர்ந்த தாவூதின் பெயரையும் ஹிஜ்ரி 263ஆம் ஆண்டையும் (கி.பி. 877) குறிக்கிறது. பள்ளிவாசலாகத் தொடங்கியது பெரும் கல்விக்கூடமாக வளர்ந்ததும் பல தலைமுறைகளின் உழைப்பினால்தான். பிற்கால வரலாற்றாசிரியர் இப்படி எழுதியுள்ளார் என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் காணொளிக்கு நான்கு நொடி கூடும். நம் மகளுக்கோ, ஒரு செய்தி எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் பழக்கம் கிடைக்கும். ஆதாரம் உறுதியான பெண் அறிஞர்களும் நம் ஹதீஸ் வரலாற்றில் நிறைந்தே இருக்கிறார்கள். புகாரியின் பெயர்பெற்ற அறிவிப்பாளரான மக்காவின் கரீமா அல்மர்வஸிய்யா ஒருவர் போதாதா?

இசைத் துறைக்கு வந்தால், நம்மவருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஹனீபா அவர்களின் வெண்கலக் குரல். இக்காணொளிகளுக்குப் பின்னணி இசை கூடுமா என்ற விவாதத்துக்குள் நாம் நுழையவில்லை. அதை ஆலிம்களிடம் விட்டுவிடுவோம். நம் குறை வேறு. இறைவனிடம் கையேந்தச் சொல்லும் அவருடைய புகழ்பெற்ற பாடலை இந்து, கிறிஸ்தவ அன்பர்களும் மனப்பாடமாகப் பாடுவார்கள். அதை எழுதிய கவிஞர் ஆர். அப்துல் சலாமின் பெயரை எத்தனை காணொளிகள் சொல்கின்றன? திராவிட இயக்க மேடைகளில் பல ஆண்டுகள் ஒலித்த அதே குரல்தான் இது என்பதையும், கேட்பவரின் விருப்பத்துக்கேற்ப ஒரு பாதி மறைத்துவிடுகிறது, மறு பாதி அதை மட்டுமே காட்டுகிறது.

அலிக்கும் தமிழகத்துக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. 1980இல் அவர் சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் இறங்கினார். அதை நேரில் கண்ட பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எங்கோ தயாரான காணொளியைப் பகிர்வதற்குப் பதில், அவர்களில் ஒருவரை உட்கார வைத்து, கைபேசியை முன்னே நிறுத்தி, கண்டதைக் கண்டபடி சொல்ல வைத்துப் பதிவுசெய்யலாம். அறுபடாத அறிவிப்பாளர் தொடர் அதுதானே! ஹாலிவுட் நடைபாதையில் புகழ்பெற்றோரின் பெயர் பொறித்த நட்சத்திரங்களை மக்கள் மிதித்துச் செல்வார்கள். அலியின் நட்சத்திரம் மட்டும் சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. தாம் தாங்கிய நபிகளாரின் பெயர் காலடியில் கிடக்கக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார்.

ஈதி அவர்களிடம் வருவோம். குஜராத்தின் பாந்த்வாவில் பிறந்து, 1947இல் கராச்சிக்குக் குடிபெயர்ந்து, 1951இல் ஒரு சிறு மருந்தகமாகத் தொடங்கிய பணி, உலகின் மிகப்பெரும் தொண்டு அவசர ஊர்திச் சேவைகளுள் ஒன்றாக வளர்ந்தது. காணொளிகளில் நரைத்த தாடியும் சாம்பல் நிற உடையுமாக அவர் மட்டுமே நிற்பார். ஆனால் 1986ஆம் ஆண்டு மகசேசே விருது அவருக்கும் அவருடைய மனைவி பில்கீஸ் ஈதிக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. மருந்தகத்தில் செவிலியர் பயிற்சிக்கு வந்து, பின்னர் அவரை மணந்தவர் பில்கீஸ். ஈதி மையங்களின் வாசலில் வைக்கப்பட்ட தொட்டில்களில் யாரோ விட்டுச்சென்ற குழந்தைகளை உள்ளே எடுத்துச் சென்று வளர்த்த பொறுப்பு அவருடையது.

வழிதவறி எல்லை கடந்து வந்த, பேசவும் கேட்கவும் இயலாத ஓர் இந்தியச் சிறுமி அவருடைய பராமரிப்புக்கு வந்தாள். அவள் இந்துப் பெண் என்று உணர்ந்த பில்கீஸ் அவளுக்கு இந்துப் பெயர் சூட்டினார். அவள் தன் முறைப்படி வழிபட இல்லத்துக்குள்ளேயே ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். 2015 அக்டோபரில் அவள் தாயகம் திரும்பியபோது இந்தியப் பிரதமர் ஈதி அறக்கட்டளைக்கு ஒரு கோடி ரூபாய் அறிவித்தார். ஈதி நன்றி கூறி அதை ஏற்க மறுத்துவிட்டார். அப்பெண்ணை டெல்லிவரை உடன் அழைத்து வந்து ஒப்படைத்தவர்களில் பில்கீஸும் ஒருவர். 2022 ஏப்ரல் 15 அன்று, ரமலான் மாதத்தில், அவரும் தம் இறைவனிடம் சென்று சேர்ந்தார்.