மழை வந்தது மீன்ஸ்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வரும் இளைஞர்களுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த நாட்களில், நான் அதிகம் கேட்ட சொல் 'மீன்ஸ்'. "ரெயின் கமிங் மீன்ஸ், ட்ரெயின் லேட் சார்" என்றான் பொன்னேரியிலிருந்து மின்சார ரயிலில் வந்துபோகும் ஒரு பையன். திருத்த வாயெடுத்தவன், அதை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்து நின்றுவிட்டேன். அவன் தமிழ் இலக்கணத்திலிருந்து எங்கும் வழுவவில்லை.

'மழை வந்துச்சுன்னா' என்பதிலுள்ள 'ன்னா', 'என்றால்' என்பதன் பேச்சு வடிவம். 'என்றால்' நமக்கு இரண்டு வேலை பார்க்கிறது. 'பாய்லர் என்றால் என்ன?' என்னும்போது பொருள் கேட்கிறது. 'மழை என்றால் லீவு' என்னும்போது நிபந்தனை விதிக்கிறது. முதல் வேலைக்கு உரிய 'மீன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லையே பையன் இரண்டாவதற்கும் எடுத்துக்கொண்டான். ஆரம்பாக்கம் தாண்டினால் கேட்கும் தெலுங்கில் 'அன்டே'வும் இதே இரட்டை வேலைதான் செய்கிறது. அதனால் ஒரே மெஷினில் நிற்கும் இரு மொழிக்காரர்களும் 'மீன்ஸ்' போட்டுத் தடையின்றிப் பேசிக்கொள்கிறார்கள். இதை அறியாமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

காலம் சொல்வதில்தான் தமிழும் ஆங்கிலமும் பிரிகின்றன. நன்னூல் சொல்லும் 12 வினையெச்ச வாய்பாடுகளில் 'செயின்' எதிர்காலத்துக்கு உரியது. அந்த வாய்பாட்டில் அமைந்த 'வரின்' பேச்சிலிருந்து மறைய, இன்று 'வந்தால்' என்கிறோம். அதற்குள் இறந்தகால இடைநிலை இருக்கிறது. ஆனாலும் நாளை வரப்போகிறவருக்கும் அதுவே பொருந்துகிறது. ஆங்கிலமோ நாளைய மழைக்கு நிகழ்காலத்தைப் போடுகிறது: 'இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ'. அங்கே 'வில்' நுழையக் கூடாது. கையில் இல்லாத பணத்தைப் பேசும்போது 'இஃப் ஐ ஹேட் மணி' என்று இறந்தகாலத்துக்குப் போய்விடுகிறது. 'பணம் இருந்தால்' என்ற நம் சொல் பணம் இருக்கக்கூடிய நிலைக்கும் இல்லாத நிலைக்கும் பொது. ஆகவே பையன்கள் 'ஹேவ்' என்றே சொல்வார்கள், கேட்பவர் பணம் இருக்கக்கூடும் என்று நினைத்துக்கொள்வார்.

பேச்சில் இதனால் பெரிய கேடில்லை. எச்சரிக்கைப் பலகையில் உண்டு. 'ஸ்டாப் தி மெஷின் இஃப் தி அலாரம் சவுண்ட்ஸ்' என்று எழுதிப் போட்டேன். விரல் வைத்து எழுத்துக்கூட்டிய ஒருவன், முதல் வரி முடிந்ததும் நிமிர்ந்து, "எப்ப சார் நிறுத்தணும்?" என்றான். 'இஃப்' அடுத்த வரியில் இருந்தது. தமிழில் 'அலாரம் அடித்தால்' முன்னே வரும், ஏவல் கடைசியில் நிற்கும்; நிபந்தனையைக் கேட்ட பிறகே கை அசையும்.

இதைவிடக் கடினம் 'அன்லெஸ்'. 'டோன்ட் ஓபன் தி கார்டு அன்லெஸ் தி மோட்டார் ஹேஸ் ஸ்டாப்ட்.' கார்டு என்பது மெஷினின் காப்பு மூடி. 'அன்லெஸ்'ஸை 'இஃப்' என்று எண்ணிப் படித்தால், மோட்டார் நின்றுவிட்டால் திறக்காதே என்று தலைகீழாகிறது. ஏட்டுத் தமிழில் 'நின்றாலொழியத் திறக்காதே' என்பேன். வகுப்பில் ஒரு பையன் அதைவிட நன்றாகச் சொன்னான்: "மோட்டார் நிக்காம தொறக்காத." ஆங்கிலம் 'அன்லெஸ்'ஸுக்குள் ஒளித்துவைக்கும் மறுப்பை நம் மொழி 'நிக்காம' என்று வெளியே காட்டிவிடுகிறது. காக்களூரோ கும்மிடிப்பூண்டியோ, மெஷின் ஓடும் எந்த இடத்திலும் பலகை எழுதுவோர் நிபந்தனையை முதலில் வைக்க வேண்டும். அதன் கீழே தொழிலாளியின் மொழியிலும் எழுத வேண்டும். விரல் போன பிறகு இலக்கணம் பேசிப் பயனில்லை.

நிபந்தனையே விதிக்காத 'இஃப்'பும் ஒன்று உண்டு. ஆக்ஸ்ஃபர்ட் தத்துவ அறிஞர் ஜே. எல். ஆஸ்டின் 1956-இல் பிரிட்டிஷ் அகாதெமியில் நிகழ்த்திய உரையில் அதை எடுத்துக்காட்டினார். அதை எப்படி விளக்குவது என்று யோசித்திருந்தேன். ஒருநாள் வகுப்பு முடிகையில் பொன்னேரிப் பையன் டிஃபன் டப்பாவை மேசையில் வைத்து, "இட்லி இஸ் தேர் சார், இஃப் யூ ஆர் ஹங்ரி" என்றான். நான் பசியில்லாமல் இருந்திருந்தாலும் அந்த இட்லி அங்கேதான் இருந்திருக்கும்.